பாசறை நெஞ்சம்: முல்லைப்பாட்டும் போர் மீண்டார் மனைவாழ்வும்

முல்லைத் திணைக்குரிய உரிப்பொருள் இருத்தல் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததாகும். வினைமேற் சென்ற தலைவன் குறித்த பருவத்தே மீள்வான் என்னும் உறுதியொடு மனைக்கண் ஆற்றியிருக்கும் தலைவியின் ஒழுக்கத்தைப் பண்டையோர் முல்லை எனப் போற்றினர். தலைவன் மீண்டதும் தலைவியின் துயர் நீங்கும்; பாட்டும் நிறைவுறும்.

ஆயின் ஈண்டு ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. போர்மேற் சென்றவனின் உடல் மனை புகுந்த பின்னரும் அவன் நெஞ்சு பாசறையிலேயே தங்கிவிடுமாயின், இருத்தல் முடிந்ததாகுமா? ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தும் பேச்சற்று, நகையற்று, தன்னுள் ஒடுங்கிக் கிடக்கும் கணவனை மனைவி எவ்வாறு உணர்ந்துகொள்வாள்? அவ்வொடுக்கத்தை அன்பின்மை எனக் கொள்வதா, வேறொன்றெனக் கொள்வதா? போர் கண்ட நாடுகள் அனைத்திலும் எண்ணற்ற இல்லங்களில் இவ்வினா இன்றும் எழுகின்றது. இதற்குச் சங்கப் பாட்டு நேரே விடை கூறவில்லை. எனினும் விடைக்கு வேண்டும் கருவிகளை அது தன்னகத்தே வைத்துள்ளது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பாசறையின் இரவு

பத்துப்பாட்டுள் அளவாற் சிறியது முல்லைப்பாட்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் 103 அடிகளில் இதனைப் பாடினார். தலைவனின் பெயர் சுட்டப்படாமையின் இஃது அகப்பாட்டாயிற்று. பெயரில்லாத் தலைவனாதலின் அவன் நிலை போர்க்களம் கண்ட எவர்க்கும் பொருந்துவதாகின்றது.

கார்காலத்து மாலையில், முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லைமலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றிற்கு, நின் தாயர் இன்னே வருவர் என ஆய்மகள் ஒருத்தி கூறும் சொல் அவர்கள் செவியில் விழுகின்றது. அதனை நன்னிமித்தமாகக் கொண்டு தலைவியைத் தேற்றுகின்றனர். அவளோ எவ்வளவு காட்டியும் காணாளாய்க் கண்ணீர் உகுக்கின்றாள்.

பின்னர்ப் பாட்டு பாசறைக்குப் பெயர்கின்றது. காட்டை அழித்து அமைத்த பாடி, காவல் யானை, யவனர் அமைத்த உள்ளறை, நாவாற் பேசாது உடலசைவாலேயே கருத்துணர்த்தும் மிலேச்சர் ஆகியவற்றைக் கடந்து அரசனின் படுக்கையை அடைகின்றோம். அவன் உறங்கவில்லை. வேல் பாய்ந்து புண் மிக்கமையால் தம் பிடிக்கூட்டத்தை மறந்த களிறுகளை நினைக்கின்றான். துணிக்கப்பட்டுப் பாம்புபோல் துடித்த யானைக் கைகளை நினைக்கின்றான். உண்ட சோற்றுக்கு உயிர் கொடுத்து மாய்ந்த மறவரை நினைக்கின்றான். அம்பு தைத்தமையால் செவி சாய்த்து உணவு கொள்ளாது வருந்தும் குதிரைகளை நினைக்கின்றான். ஒரு கையைப் படுக்கைமேல் ஊன்றி, ஒரு கையால் தலையைத் தாங்கி, நெடும்பொழுது நினைந்து கிடக்கின்றான்.

பாட்டு முழுவதிலும் இவ்வரசன் ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் நிலையை அறிவிப்பன அவன் இரு கைகளே. வாயிற்காவலில் நிற்கும் மிலேச்சரைப் போலவே உள்ளே கிடக்கும் மன்னனும் உடலாற் பேசுகின்றான். புலவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து அமைத்திருத்தல் கருதத்தக்கது.

ஒரு தடையும் விடையும்

அரசனின் உறக்கமின்மைக்குக் காரணம் போர்மேற் கொண்ட வேட்கை என்று பாட்டே கூறுகின்றது. நச்சினார்க்கினியரும் அவ்வாறே பொருள் கொள்கின்றார். அங்ஙனமாக, அவனை உளம் புண்பட்டவனாகக் காண்பது பொருந்துமோ எனின், இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. முல்லைப்பாட்டுத் தலைவன் உளநோயாளன் என்று நாம் கூறவில்லை. வென்றபின் அவன் இனிது துயில்வான் என்னும் குறிப்பும் பாட்டிலேயே உள்ளது. ஆயினும் உறங்காமைக்குப் பாட்டு கூறும் காரணம் ஒன்று. உறங்காதவன் கண்முன் அது நிறுத்தும் காட்சிகள் வேறு. நாளைய வெற்றியோ, பகைவர் அரணோ, பெறவிருக்கும் திறையோ அக்காட்சிகளில் இல்லை. அறுபட்ட உறுப்பும், உணவு மறந்த விலங்கும், இறந்துபட்ட தோழருமே உள. போர் வேட்கையுடையான் ஒருவனின் நெஞ்சிலும் போர் இவ்வாறே படிகின்றது என்பதை நப்பூதனார் கண்டறிந்து பாடினார். வேட்கையும் வடுவும் ஒரு நெஞ்சில் உடனுறையும் என்பது அவர் காட்டும் உண்மை.

இப்பாட்டின் அடிகளை நச்சினார்க்கினியர் மாட்டு என்னும் உறுப்பால் முன்பின்னாகக் கூட்டிப் பொருளுரைத்தார். 1903-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் அம்முறையை மறுத்து, பாட்டுக் கிடந்தவாறே பொருள் காண முற்பட்டார். அடிகளார் வழியைக் கொள்வார்க்கு ஒரு பயன் உண்டு. பாசறையிற் கிடப்பவனைக் காட்டிய சொற்றொடர் இடையறவின்றி மனையிற் கிடப்பவளிடம் செல்வதை அவர்கள் காண்பர். இருவர் உறங்காமையும் ஒரே மூச்சிற் சொல்லப்படுகின்றன.

நினைத்தலும் திருத்துதலும்

அவ்வாறு அடுத்தடுத்துப் படிக்குங்கால் சில ஒப்புமைகள் புலனாகின்றன. அரசன் நெடிது நினைக்கின்றான். தலைவியும் நெடிது நினைந்து தன்னைத் தானே தேற்றுகின்றாள். அரசன் தன் கண்ணிக்கு நல்வெற்றியைத் திருத்துகின்றான். தலைவி கழலும் வளையைத் திருத்துகின்றாள். நினைத்தல், திருத்துதல் என்னும் வினைகள் இரண்டும் இருவர்க்கும் பொதுவாயின. பாசறையில் குதிரைகளின் உடலில் அம்பு தைத்தது. மனையில் தலைவி அம்பு தைத்த மயில்போல் நடுங்குகின்றாள். போர்க்களம் காணாதவள்மேலும் களத்தின் அம்பையே புலவர் உவமையாக எய்கின்றார். போரின் புண் வீரனோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சுருங்கிய சான்று வேண்டா.

இவை அனைத்தினும் சிறந்தது பிடிக்கூட்டத்தை மறந்த களிற்றின் காட்சியாகும். அக்களிறு பிடிகளை வெறுத்ததன்று. அவற்றினும் இனிய வேறொன்றை நாடியதுமன்று. புண் மிக்கது, ஆகவே மறந்தது. அன்பின் இடத்தை நோவு நிரப்பிக்கொண்டது. கணவன் தன்னுள் ஒடுங்கும்போது மனைவி முதலிற் கேட்பது, இவனுக்கு என்மேல் இருந்த அன்பு எங்கே போயிற்று என்பதே. தன்பால் குற்றம் உண்டோ என்று ஆராய்வாள். பிறிதொருத்தியின் நினைவோ என்று ஐயுறுவாள். அவளுக்கு நப்பூதனாரின் களிறு கூறும் விடை, மறதி புண்ணின் அளவே தவிர அன்பின் அளவன்று என்பதாகும்.

ஆனால் இவ்விடை தலைவியின் செவிக்கு எட்டவில்லை. இரு நிலைகளையும் ஒருங்கே அறிந்தவர் பாட்டைப் படிக்கும் நாம் மட்டுமே. பாசறைக்கண் மகளிரொடு கூடியிருத்தல் இல்லை எனத் தொல்காப்பியர் கற்பியலில் கூறுவர். களத்தில் நிகழ்ந்ததை மனைவி காணாதிருத்தல் அக்கால வாழ்வின் அமைப்பு. எழுநிலை மாடத்தில் கூரை நீர் சொரியும் ஓசையைக் கேட்டுக் கிடப்பவள் செவியில், மீண்டு வரும் தேர்க்குதிரைகளின் ஆரவாரம் நிறைகின்றது. அவ்வளவில் பாட்டு முடிகின்றது. இருவரும் முகம் நோக்குவதற்கு முன்னரே புலவர் நிறுத்திவிடுகின்றார். முல்லைத் திணையின் எல்லை அது. களிறுகளின் நினைவு அவனுடன் தேரேறி வந்ததா என்பதைப் பாட்டு நமக்குச் சொல்லவில்லை.

நக்கீரரின் நெடுநல்வாடையிலும் இத்தகையதோர் இடைவெளி உண்டு. அரசி ஓவியத்தில் உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிந்து கண்ணீர் சிந்துகின்றாள். அரசனோ நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாது, வாடைக்காற்றில் சிலரொடு திரிந்து, புண்பட்ட வீரரைக் கண்டு முகமலர்ச்சி காட்டுகின்றான். அவன் கனிவு வற்றிவிடவில்லை. உடன் களம் புகுந்தார்பால் அது செல்கின்றது. பழைய படைத்தோழனிடம் இரவெல்லாம் பேசும் கணவன் தன்னிடம் ஒரு சொல்லும் பேசுவதில்லையே என வருந்தும் மனைவியர்க்கு இக்காட்சி புதியதன்று.

கிரேக்கப் பாசறையில் ஒரு பெண்

முல்லைப்பாட்டு நின்றுவிடும் இடத்திற்கு அப்பால் நம்மை அழைத்துச் செல்வது கிரேக்க நாடகம் ஒன்று. சோபோக்கிளீஸ் நாடகப் புலவர் மட்டுமல்லர். ஏதென்சின் படைத்தலைவருள் ஒருவராகவும் பணியாற்றியவர். அவர் இயற்றிய 'ஏஜாக்ஸ்' என்னும் நாடகத்தில், இறந்த அக்கிலீசின் படைக்கலம் தனக்குக் கிடையாது ஒடிசியசுக்குச் சென்றமையால் மானம் இழந்த பெருவீரன், அறிவு திரிந்து, பகைத்த தலைவரைக் கொல்வதாக எண்ணிக் கால்நடைகளை வெட்டி வீழ்த்துகின்றான். தெளிவு வந்தபின் அவ்விலங்குகளின் நடுவே உணவும் நீரும் கொள்ளாது பேச்சற்று அமர்ந்திருக்கின்றான். செவி சாய்த்து உண்ணாது கிடந்த நம் பாசறைக் குதிரை இங்கே மனிதனாய் அமர்ந்துள்ளது எனலாம்.

அவனுடன் வாழ்பவள் தெக்மெசா. போரிற் சிறைபிடிக்கப்பட்ட அரசமகள். அவன் மகனுக்குத் தாய். தமிழ்த் தலைவி பாசறையைக் காணாதவள். தெக்மெசாவோ பாசறையிலேயே வாழ்பவள். நள்ளிரவில் அவன் வாளெடுத்தபோது ஏன் என்று கேட்டவள் அவளே. வாய்மூடியிருத்தலே பெண்ணுக்கு அணி என்னும் கருத்துப்பட அவன் விடையிறுத்தான். வெறியில் இருந்தபோது அவன் இன்புற்றான், நாம் துன்புற்றோம். தெளிந்தபின்னரோ இருவரும் துன்புறுகின்றோம் என அவள் அவன் தோழர்க்கு எடுத்துரைக்கின்றாள். நோயுற்றவனின் நோய் உடனிருப்பாரையும் பற்றும் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பெண் பழைய இலக்கியத்துள் அரியள்.

இந்நாடகம் உணர்த்தும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஏஜாக்ஸ் திடீரென்று மென்மையாகப் பேசுகின்றான். மனம் மாறினான் என அனைவரும் மகிழ்கின்றனர். மகனுக்குத் தன் கேடயத்தை முன்னரே அளித்துவிட்டவன் அவன். தனியே கடற்கரை சென்று, எக்டர் தந்த வாளின்மேல் வீழ்ந்து உயிர் விடுகின்றான். தெக்மெசாவே அவன் உடலை முதலிற் கண்டு ஆடையால் மூடுகின்றாள். நெடுநாள் துயரில் ஆழ்ந்தவன் காரணம் புலனாகாது அமைதியுற்று, உரிய பொருள்களைப் பிறர்க்கு அளிக்கத் தொடங்கின், அதனை நலம் எனக் கொண்டு வாளாவிருத்தலாகாது. அப்போது அவனைத் தனியே விடாது உடனிருந்து, துணை நாடுதல் வேண்டும்.

2008-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் பிரயன் டோரிஸ் என்பவர் இந்நாடகத்தைப் படைவீரரும் அவர்தம் மனைவியரும் கூடியிருக்கும் அவைகளில் படிப்பித்து வருவது குறிப்பிடத்தக்கது. தம் வாயாற் சொல்லவியலாததைத் தெக்மெசாவின் வாயாற் கேட்டபின் அவ்வவைகளில் மனைவியர் பேசத் தொடங்கினர்.

இக்கால மருத்துவம் கூறுவது

முதல் உலகப்போரின்போது, 1915-இல், சார்லஸ் மயர்ஸ் என்னும் மருத்துவர் இவ்வகைத் துன்பத்தைக் குண்டதிர்ச்சி என்னும் பொருள்படும் பெயரால் மருத்துவ இதழில் எழுதினார். வியத்நாம் போருக்குப் பின் 1980-இல் அமெரிக்க உளமருத்துவர் கழகம் இதனைத் தனி நோயாக ஏற்றுத் தன் நோய்த் தொகுதியிற் சேர்த்தது. ஈழத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் முதலியோர் மனவடு என்னும் பொருத்தமான தமிழ்ச்சொல்லை இதற்கு வழங்கினர்.

இந்நோயின் குறிகளை மருத்துவ நூலார் நால்வகைப்படுத்துவர். கண்ட கொடுமை நினைவாகவும் கனவாகவும் மீள மீள வருதல் ஒன்று. அந்நினைவைத் தூண்டும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்குதல் மற்றொன்று. பிறரினின்று விலகி, அன்பும் மகிழ்வும் உணரவியலாதவராதல் மூன்றாவது. உறக்கமின்மை, ஓயாத விழிப்பு, திடுக்கிடல், வெகுளி ஆகியன நான்காவது. இவை ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து வாழ்வைக் கெடுப்பின் நோய் எனப்படும். ஆகலின், போர்க்காலத்து ஓரிரவு உறங்காத முல்லைப்பாட்டு அரசனை நாம் நோயாளன் என்னாமை இவ்வகையானும் பொருந்தும்.

வியத்நாம் போர் மீண்டார்க்கு மருத்துவம் செய்த ஜானதன் ஷே 1994-இல் வெளியிட்ட நூலில், ஹோமரின் அக்கிலீசை அவ்வீரரோடு ஒப்பிட்டார். களத்தில் உயிர்காத்த இயல்புகளே மனையில் கேடாகின்றன என்பது அவர் போன்றாரின் முடிபு. பாசறையில் விழித்திருத்தல் கடமை; மனையில் அதே விழிப்பு நோய். களத்தில் அச்சத்தையும் அழுகையையும் அடக்குதல் வேண்டும். ஆனால் அவற்றை அடக்கும் நெஞ்சம் மகிழ்வையும் அன்பையும் உடன் அடக்கிவிடுகின்றது. கண்டதை மனைவியிடம் கூறின் அவளும் அதைக் காண்பாள் என்றஞ்சி வாய்மூடுவோரும் உளர். அவனுக்கு அது காத்தல், அவளுக்கோ கதவடைப்பு. இப்பிறழ்வுணர்ச்சியே பல இல்லங்களைப் பிரிக்கின்றது.

புண் காத்தல்

இனி, மனைவி செய்யத்தக்கது யாது? இதற்குத் தமிழ்ப் புறத்திணை மரபில் ஒரு துறை உண்டு. புண்பட்ட கணவனைப் பேய் அணுகாவண்ணம் மனைவி காத்தலைத் தொல்காப்பியர் தொடாக்காஞ்சி என்பர். இதனோடு இயைவது புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய 281-ஆம் பாட்டு. இரவம், வேம்பு ஆகியவற்றின் தழையை மனையிற் செருகுதல், யாழும் பல இயங்களும் ஒலிக்கச் செய்தல், கையை மெல்லப் பெயர்த்து மையிடுதல், வெண்சிறுகடுகு தூவுதல், ஆம்பற்குழல் ஊதுதல், மணி அடித்தல், காஞ்சிப்பண் பாடுதல், நறும்புகை எழுப்புதல் என்று செயல்கள் நிரல்பட வருகின்றன.

இச்செயல்களிற் சில அக்கால நம்பிக்கையைச் சார்ந்தன. அவற்றை இன்று மருந்தாகக் கொள்ளவேண்டா. ஆயின் அவற்றின் அடியில் உள்ள மூன்று நெறிகள் என்றும் உரியன.

முதலாவது, புண்பட்டவன் இப்பாட்டில் பேசுவதில்லை; பேசு என்று அவனை எவரும் வற்புறுத்துவதும் இல்லை. களத்தில் என்ன கண்டாய் என்ற வினா அங்கில்லை. ஒலியும் மணமும் ஒழுங்கும் அமைந்த மனை ஒன்று அவனைச் சூழ அமைக்கப்படுகின்றது. பேச்சு அவன் விரும்பும் காலத்து வரட்டும் என விடுதலும் அன்பின் ஒரு கூறு. எனினும் விடுதல் வேறு, கைவிடுதல் வேறு. அவன் பேசாதபோதும் உண்ண அழைத்தலும், உடன் நடத்தலும், வீட்டின் அன்றாட ஒழுங்கு குலையாது காத்தலும் பேச்சின்றியே உறவை நிலைநிறுத்துவன.

இரண்டாவது, மெல்லக் கையைப் பெயர்க்கும் அச்செயல். புண்ணின்மேற் படும் கை விரையலாகாது. திடீரெனத் தொடுதல், உறக்கத்தில் உலுக்கி எழுப்புதல், பேரொலி செய்தல் ஆகியன ஓயாத விழிப்புடைய நெஞ்சைக் களத்திற்கே மீளச் செலுத்தும். அயலே நின்று பெயர்சொல்லி எழுப்பும் மனைவி, அரிசில்கிழார் காட்டிய மென்மையையே கடைப்பிடிக்கின்றாள்.

மூன்றாவது இவற்றுள் தலையாயது. இப்பாட்டு கணவனை விளித்துப் பாடப்பட்டதன்று. தோழியை விளித்துப் பாடப்பட்டது. நாம் காப்போம், வா என அழைக்கும் குரல் அது. புண் காத்தல் ஒருத்தியால் ஆவதன்று எனப் பண்டை மகளிர் அறிந்திருந்தனர். இன்றைய மனைவியோ கணவனின் மானம் கருதி எல்லாவற்றையும் மறைத்துத் தனியே சுமக்கின்றாள். நண்பரை அழைப்பதை நிறுத்துகின்றாள், விழாக்களைத் தவிர்க்கின்றாள், அவன் ஒடுங்கிய அளவிற்குத் தானும் ஒடுங்குகின்றாள். இஃது அவனுக்கு உதவுவதுபோல் தோன்றினும் நோய்க்கே இடந்தருவதாகும். கணவனையும் மனைவியையும் ஒருங்கமர்த்தி 15 அமர்வுகளில் நிகழ்த்தும் உளமருத்துவ முறை ஒன்றின் ஆய்வு முடிவு 2012-இல் வெளிவந்தது; நோயின் குறிகள் தணிந்ததோடு உறவின் நிறைவும் மிக்கது என அது காட்டியது. மனைவியை மருத்துவத்திற்குப் புறம்பானவளாக வைத்தல் தகாது என்பதற்கு இது சான்று. புண்பட்டவர் பெண்ணாக, உடனிருப்பவர் ஆணாக அமையினும் இந்நெறிகள் அனைத்தும் ஒக்கும்.

இங்கு ஓர் எல்லையையும் வரைதல் கடன். புண்ணை உணர்தல் என்பது புண்பட்டவன் செய்யும் கொடுமையைப் பொறுத்தல் அன்று. தெக்மெசா தன் மகனை அவன் கண்ணில் படாது அகற்றிவைத்தாள். அவள் அவன்மேல் கொண்ட அன்பிற்கு அது மாறன்று. மக்களுக்கும் தனக்கும் ஊறு நேரும் எனின் அகலுதலும் பிறர் துணை நாடுதலும் அறமேயாகும். ஆற்றியிருத்தலைக் கற்பெனப் புகழ்ந்த நம் உரைமரபு இவ்விடத்துச் சிறிது திருந்துதல் வேண்டும்.

முடிபு

முல்லைப்பாட்டை வெற்றிப்பாட்டாகவும் கற்பின் பாட்டாகவும் பயின்று வந்தோம். அவை தவறல்ல. அதன் நடுவே ஒரு மனிதன் ஒரு கையால் தலையைத் தாங்கி விழித்திருக்கின்றான் என்பதையும் மாணாக்கர்க்குக் காட்டுதல் வேண்டும். தலைவி அறியாத அவ்விரவை நப்பூதனார் நமக்கு அறிவித்தது, அவளைப் போன்றார்க்கு நாம் எடுத்துரைத்தற்பொருட்டு எனக் கொள்ளினும் இழுக்கில்லை. 1983 முதல் 2009 வரை போரில் நலிந்த ஈழத்து இல்லங்கள் உட்பட, தமிழ் பேசும் மக்கள் வாழும் பல இல்லங்களுக்கு இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. களிறு பிடியை மறந்தது புண்ணால் என்று ஒரு மனைவிக்குத் தெளிவாகுமாயின், அவள் தன்னை நொந்துகொள்வதை விடுத்துப் புண்ணுக்கு மருந்து தேடத் தொடங்குவாள். அவ்வேளையில் அவள் அழைக்கும் தோழியாக அமைதல் சுற்றத்தார்க்கும் ஊரார்க்கும் உரிய கடமையாகும்.